இலக்கியத் துணைநூலும் மதச்சார்பின்மையும்: அமெரிக்க வீட்டுக் கல்வியை முன்வைத்து

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துப் படிப்பிக்கும் பெற்றோர்களுக்குக் கணக்கும் விஞ்ஞானமும் தரும் தொல்லையைக் காட்டிலும் கதைப்புத்தகங்கள் தரும் தொல்லை பெரிது என்று சொன்னால், விஷயம் அறியாதவர்கள் வியப்படையக்கூடும். கணக்குக்குப் பாடநூல் உண்டு. அதன் விடை எந்த வீட்டிலும் ஒன்றுதான். விஞ்ஞானத்தில் பரிணாமவாதம் போன்ற சில இடங்களில் தகராறு உண்டென்றாலும், அந்தத் தகராறு எந்த அத்தியாயத்தில் தலைகாட்டும் என்பதைப் பொருளடக்கத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஆனால் 10 வயதுக் குழந்தை ஒரு நாவலை வாசித்து முடித்துவிட்டு எதிரே வந்து நிற்கும்போது, அதனிடம் என்ன கேட்பது, அது சொல்லும் பதிலை எப்படி எடைபோடுவது என்பதெல்லாம் இலக்கியப் பயிற்சி இல்லாத தாய்க்கோ தகப்பனுக்கோ எளிதில் பிடிபடுவதில்லை. இந்தக் குறையை நிவர்த்தி செய்வதற்கென்றே ஒவ்வொரு நாவலுக்கும் தனித்தனியாக எழுதப்பட்ட துணைநூல்கள், 'ஸ்டடி கைடு' என்ற பெயரில் அந்நாட்டில் விற்பனையாகின்றன. அருஞ்சொற்பொருள், அத்தியாயந்தோறும் வினாக்கள், நூலாசிரியர் வரலாறு, கட்டுரைத் தலைப்புகள், கடைசிப் பக்கங்களில் விடைகள் என்பதே பெரும்பாலானவற்றின் அமைப்பு. நம் ஊர் மாணவர்கள் 'நோட்ஸ்' என்று சொல்வதற்கு இவை தூரத்து உறவு எனலாம். பரீட்சை என்ற யமன் வாசலில் நிற்காததால் மட்டும் சற்றே சாவகாசமானவை.

இத்துணைநூல்களுள் மதபோதனை கலவாதவற்றைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதே இங்கே நாம் ஆராயப் புகும் விஷயம். 8 முதல் 12 வயது வரையிலான பருவத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதற்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்குக் கதை சொன்னால் போதும். மேற்பட்ட பிள்ளைக்குக் கல்லூரிப் பிரவேசம் முதலான வேறு நிர்ப்பந்தங்கள் வந்து சேர்ந்துவிடுகின்றன. இடைப்பட்ட இந்த நாலைந்து வருஷங்களில்தான் ஒரு குழந்தை, கதையில் என்ன நடந்தது என்று கேட்பதை விட்டு, ஏன் நடந்தது, நடந்தது நியாயந்தானா என்று கேட்கும் நிலைக்கு மெல்ல நகர்கிறது. ஆகையால் அந்த நேரத்தில் அதன் காதில் எத்தகைய கேள்வி விழுகிறது என்பது அற்ப விஷயம் அன்று.

இந்தத் துறையில் மதம் இவ்வளவு ஆழமாக வேரூன்றியதற்கான காரணம் வீட்டுக் கல்வியின் சரித்திரத்திலேயே இருக்கிறது. இயக்கத்தின் மூலபுருஷர்களுள் ஒருவரான ஜான் ஹோல்ட் மதப்பற்றுக் காரணமாக இதில் இறங்கியவர் அல்லர். உபாத்தியாயராக இருந்து, குழந்தைகளின் இயல்பான அறிவுப் பசியைப் பள்ளிக்கூடமே அவித்துவிடுகிறது என்ற முடிவுக்கு வந்து, அதனை 1964-இல் வெளியான தம் நூலொன்றில் எடுத்துரைத்து, பள்ளிகளைத் திருத்த முடியாது என்று தோன்றிய பிறகு 1977-இல் 'குரோயிங் விதவுட் ஸ்கூலிங்' என்னும் பத்திரிகையைத் தொடங்கியவர். ஏறத்தாழ அதே காலத்தில், செவன்த் டே அட்வென்டிஸ்ட் என்ற கிறித்தவப் பிரிவைச் சார்ந்த ரேமண்ட் மூர், டாரதி மூர் தம்பதியர், சிறு குழந்தைகளை அவசரப்பட்டுப் பள்ளியில் தள்ளலாகாது என்று வாதித்து வந்தனர். ஆனால் இயக்கத்தைப் பெருக்கியது வேறொரு கூட்டம். 1962-லும் 1963-லும் அமெரிக்க உச்சநீதிமன்றம் அளித்த இரு தீர்ப்புகளால், அரசுப் பள்ளிகளில் நிர்வாகமே நடத்திவந்த பிரார்த்தனையும் பக்திப்பூர்வமான விவிலிய வாசிப்பும் நின்றுபோயின. அதனால் மனங்கசந்திருந்த குடும்பங்கள் பலவும் 1980-களில் வீட்டுக் கல்வியை நாடி வந்தன. அவர்களுக்குச் சட்டத் துணையாக எச்.எஸ்.எல்.டி.ஏ. என்ற சங்கம் 1983-இல் தோன்றியது. 1993-க்குள் 50 மாநிலங்களிலும் வீட்டுக் கல்வி சட்டபூர்வமாகிவிட்டது. புத்தகம் வெளியிடுவோர் யார் கையில் பணம் இருக்கிறதோ அவர்களுக்காகவே எழுதுவது உலக வழக்கமாதலின், வீட்டுக் கல்விக்கென்றே எழுதப்பட்ட துணைநூல்களின் முதல் தலைமுறை பெரும்பாலும் கிறித்தவத் துணைநூல்களாகவே அமைந்தது.

இன்றைய நிலை அப்படியில்லை. வீட்டுக் கல்விக்கு மிக முக்கியமான காரணம் எது என்று அமெரிக்க அரசின் கல்விப் புள்ளிவிவரத் துறை கேட்டபோது, 2007-இல் 36 சதவீதத்தினர் மத அல்லது ஒழுக்கப் போதனை என்றனர். 2016-இல் மதபோதனை என்றவர்கள் 16 சதவீதம், பள்ளிச் சூழலைப் பற்றிய கவலை என்றவர்கள் 34 சதவீதம். மதத்தையும் ஒழுக்கத்தையும் முன்னது ஒருசேரக் கேட்டது, பின்னது பிரித்துக் கேட்டது என்பதால் இவ்விரண்டையும் அப்படியே ஒப்பிடுவது முறையன்றாயினும், போக்கு இன்னதென்பது விளங்குகிறது. பிறகு கொள்ளைநோய் வந்து, 2020-ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் 5.4 சதவீதமாக இருந்த வீட்டுக் கல்விக் குடும்பங்கள் அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் 11.1 சதவீதமாயின என்று மக்கள்தொகைத் துறை கணக்கிட்டது. இப்படி வந்து சேர்ந்தவர்களுள் நாத்திகர் உண்டு, யூதர் உண்டு, இந்துக்களும் முஸ்லிம்களும் உண்டு. கோயிலுக்குத் தவறாமல் போகும் கிறித்தவர்களாக இருந்தும், நாவல் வேறு ஞாயிற்றுக்கிழமை வேறு என்று கருதுவோரும் உண்டு. தேவை மாறிவிட்டது, கடையில் இருக்கும் சரக்கு அதே வேகத்தில் மாறவில்லை.

கொள்கைக்கு அப்பால் நடைமுறைக் காரணம் ஒன்றும் உண்டு. கலிபோர்னியா மாநிலத்தில் வீட்டுக் கல்விக் குடும்பங்கள் பலவும் 'சார்ட்டர்' எனப்படும் பொதுநிதிப் பள்ளிகளில் பெயர் பதிந்துகொண்டு, பாடநூல் செலவுக்குப் பொதுப் பணத்தைப் பெறுகின்றன. அப்பணத்தால் மதபோதனை நூல்களை வாங்கச் சட்டம் இடங்கொடுப்பதில்லை. ஆகவே தாமே பக்திமான்களான பெற்றோர்கூட அங்கே மதச்சார்பற்ற துணைநூலைத் தேட வேண்டியவராகின்றனர். நியூயார்க்கில் ஆண்டுத் திட்டமும் காலாண்டு அறிக்கைகளும் கொடுத்தாக வேண்டும். டெக்ஸாஸில் ஏறக்குறைய ஒன்றுமே கொடுக்க வேண்டியதில்லை. எழுதிக் காட்டும் வேலை எவ்வளவு தேவைப்படும் என்பதை இந்த மாநில விதிகளே பெரும்பாலும் தீர்மானித்துவிடுகின்றன.

இனி, மதச்சார்பற்றது என்று ஒரு துணைநூலைச் சொல்லும்போது எதைக் கருதுகிறார்கள் என்று பார்த்தால், மூன்று வெவ்வேறு பொருள்கள் அங்கே குழம்பிக் கிடக்கின்றன. சிலர், மதத்தைப் பற்றிய பேச்சே இல்லாதது என்று கொள்கிறார்கள். சிலர், எந்த மதத்தாரும் மனம் நோகாதவாறு சர்ச்சைக்குரிய இடங்களைத் தவிர்த்துவிட்டுச் செல்வது என்று கொள்கிறார்கள். வியாபாரிகள் இதற்கு 'நியூட்ரல்' என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். வேறு சிலர், மதம் கதையில் வந்தால் அதையும் மனித வாழ்வின் ஓர் அம்சமாக எடுத்து, நம்பச் சொல்லாமலும் இகழச் சொல்லாமலும் ஆராய்வது என்று கொள்கிறார்கள். இம்மூன்றனுள் கடைசியாகச் சொன்னதே இலக்கியத்துக்குப் பொருந்துவது என்பது என் அபிப்பிராயம். முதல் இரண்டும் பல நல்ல நாவல்களின் முன் கைகட்டி நின்றுவிடுகின்றன.

இதனை விளக்க மட்லின் லெங்கிள் 1962-இல் வெளியிட்ட 'எ ரிங்கிள் இன் டைம்' என்ற நாவலை விடச் சிறந்த உதாரணம் கிடைப்பது அரிது. மறு ஆண்டே நியூபெரி பதக்கம் பெற்ற இந்நூலில், காணாமற்போன தந்தையைத் தேடி மெக் என்ற சிறுமி கிரகம் விட்டுக் கிரகம் போகிறாள். விஞ்ஞானக் கற்பனை என்று நூலகங்கள் இதனை வகைப்படுத்துகின்றன. ஆனால் லெங்கிள் ஆழ்ந்த கிறித்தவ நம்பிக்கை உடையவர், விவிலிய வாசகங்கள் நூலில் நேராகவே வருகின்றன. இருளை எதிர்த்துப் போராடிய பூவுலக வீரர் யார் யார் என்று குழந்தைகள் சொல்லிப் பார்க்கும் இடத்தில் ஏசுவின் பெயர் முதலில் வருகிறது; தொடர்ந்து ஷேக்ஸ்பியரும், பாஹும், ஐன்ஸ்டைனும், நம் காந்தியும், புத்தரும் வருகிறார்கள். ஏசுவை மற்றவர்களோடு ஒரே வரிசையில் நிறுத்திவிட்டார் என்று வைதிகக் கிறித்தவர்கள் சிலர் இந்நூலையே தடைசெய்ய முயன்றனர்; மறுபுறத்தில் மதத்தை ஒதுக்கும் வீடுகளிலே சிலர் இது பக்தி நூல் என்று தயங்குகின்றனர். இப்போது, மதத்தைப் பற்றி வாயே திறவாத துணைநூல் இந்த இடத்தில் என்ன செய்யும்? 'டெஸரக்ட்' என்றால் என்ன என்று கேட்டுவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடும். கிறித்தவத் துணைநூல் பட்டியலின் முதற்பெயரைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களை மறந்துவிடக்கூடும். நான் விரும்பும் துணைநூலோ, இந்தப் பட்டியலில் மதத்தலைவரும் கவிஞரும் விஞ்ஞானியும் எந்த ஒற்றுமையால் ஒன்றுசேர்க்கப்பட்டனர், இதைத் தொகுத்த ஆசிரியை எதை இருள் என்று கருதியிருக்க வேண்டும், நீ தொகுத்தால் யாரைச் சேர்ப்பாய், யாரை விலக்குவாய் என்று கேட்கும். 11 வயதுக் குழந்தை அரை மணி நேரம் பேசுவதற்கு அதில் விஷயம் இருக்கிறது. எந்த வீட்டின் நம்பிக்கைக்கும் பங்கமில்லை.

காதரின் பாட்டர்ஸனின் 'பிரிட்ஜ் டு டெராபித்தியா' இன்னும் கடினமான பரீட்சை. சீனாவில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்த பாட்டர்ஸன், தம் மகனின் சிறு தோழி ஒருத்தி மின்னல் தாக்கி இறந்ததை மனத்தில் வைத்து எழுதி, 1977-இல் வெளியிட்ட நாவல் இது. மதப்பழக்கம் இல்லாத வீட்டில் வளரும் லெஸ்லி, தன் தோழன் ஜெஸ்ஸின் குடும்பத்தோடு ஈஸ்டர் நாளில் மாதாகோயிலுக்குப் போகிறாள். விவிலியத்தை நம்பாதவர்கள் நரகத்துக்குப் போவார்களே என்று ஜெஸ்ஸின் தங்கை கவலைப்படுகிறாள். பின்னால் லெஸ்லி இறந்துபோகிறாள். அவள் நரகத்துக்குப் போவாளா என்று ஜெஸ் தகப்பனிடம் கேட்கிறான். அந்த முரட்டுத் தகப்பன், கடவுள் சின்னஞ்சிறு பெண்களை நரகத்துக்கு அனுப்பமாட்டார் என்று சொல்லித் தேற்றுகிறான். கதையின் உயிர்நிலைகளுள் ஒன்றான இந்த இடத்தை மதப்பேச்சு என்று தாண்டிப் போகும் துணைநூலை மதச்சார்பற்றது என்று புகழ்வதற்கில்லை; கோழைத்தனமானது என்றே சொல்ல வேண்டும். இங்கே நரகம் உண்டா இல்லையா என்பது கேள்வியன்று. அதுவரை மகனோடு மனம்விட்டுப் பேசியறியாத ஒரு தந்தை, அந்த ஒரு வாக்கியத்தால் எதைக் கொடுக்கிறான் என்பதே கேள்வி. நம்பிக்கை உள்ள வீடும் இல்லாத வீடும் இதனை ஒன்றுபோலவே ஆராயலாம்.

இவ்வாறே லோயிஸ் லௌரியின் 'நம்பர் தி ஸ்டார்ஸ்' நாவலும். 1943-இல் டென்மார்க்கின் யூதர்களுள் ஏறத்தாழ 7,000 பேர் கடல் கடந்து ஸ்வீடனுக்குத் தப்புவிக்கப்பட்ட வரலாற்றை அடியாகக் கொண்ட இந்நூலின் தலைப்பே விவிலியத்தின் சங்கீதப் பாடலொன்றிலிருந்து எடுக்கப்பட்டது. அப்பாடல் கதையினுள் ஒரு போலிச் சாவு வீட்டில் வாசிக்கப்படுகிறது. அந்தப் பாட்டைத் தெரிந்துகொள்ளாமல் தலைப்பு விளங்காது. ஜூடி ப்ளூம் 1970-இல் எழுதிய மார்கரெட் என்ற சிறுமியின் கதையோ, யூதத் தந்தைக்கும் கிறித்தவத் தாய்க்கும் பிறந்த பெண் தனக்கு எந்த மதம் என்று தேடி அலைவதையே பொருளாகக் கொண்டது. மதத்தை நீக்கிவிட்டால் பாதிக் கதை மிஞ்சாது.

மூலத்தில் இருக்கும் மதத்தை மறைக்கக்கூடாது என்பது ஒரு பக்கம். மூலத்தில் இல்லாத மதத்தை ஏற்றக்கூடாது என்பது மறுபக்கம். பின்னது தமிழருக்குப் புதியதன்று. எந்தச் சமயத்தின் பெயரையும் சொல்லாத குறளுக்கு உரை செய்யப் புகுந்த பரிமேலழகர், ஈடிணையற்ற நுட்பத்தோடு உரை கண்டவராயினும், தம் வைதிக மரபை அதனுள் புகுத்திவிட்டார் என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. ப்ராஜெனி பிரஸ் போன்ற அமெரிக்கக் கிறித்தவ வெளியீட்டாளரின் முறையும் இதுவே. மதமே தலைகாட்டாத நாவலுக்கும், கதாபாத்திரத்தின் செயலைக் கேட்டபின் விவிலிய வசனத்தை எடுத்துக்காட்டி இரண்டையும் ஒப்பிடச் சொல்வது அவ்வழியின் வழக்கம். அவர்கள் தம் கொள்கையை மறைப்பதில்லை, அட்டையிலேயே சொல்லிவிடுகிறார்கள், ஆதலால் அவர்களைக் குறைகூற நியாயமில்லை. அந்த வினாக்களைத் தாண்டிவிட்டு மற்றவற்றைப் பயன்படுத்திக்கொள்ளும் குடும்பங்களும் இருக்கின்றன. வசனங்கள் தனிப்பகுதியாக இருந்தால் அது சாத்தியம். கேள்வியின் எலும்பிலேயே போதனை கலந்திருந்தால் சாத்தியமில்லை.

இங்கேதான் விஷயத்தின் மர்மம் இருக்கிறது. அமெரிக்கக் குழந்தைகளின் ஆதிப் பாடநூல்களுள் ஒன்றான 'நியூ இங்கிலாந்து ப்ரைமர்' 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாஸ்டனில் அச்சானது. அரிச்சுவடியிலேயே ஆதாமின் பாவத்தைப் போதித்த அந்நூலில் மத வினாவிடையும் இடம்பெற்றது. 1836 முதல் வெளிவந்த மக்கஃபி வாசகங்களைத் தொகுத்தவரும் ஒரு பிரஸ்பிட்டீரியன் போதகரே. வினா ஒன்று, அதற்கு அதிகாரபூர்வமான விடை ஒன்று, இரண்டையும் மாணவன் மனப்பாடம் செய்வது என்ற இந்த அமைப்பு எவ்வளவு வலிமையுடையது என்றால், மிஷனரிகளை எதிர்த்து நின்ற யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரே அதைக் கைக்கொண்டு சைவ வினாவிடை எழுதினார். சித்தாந்தத்தைக் கற்பிக்க அது தக்க கருவி. சித்தாந்தத்தில் ஏற்கெனவே விடை இருக்கிறது. நாவலுக்கு அப்படியில்லை. ஆனால் இன்று கடவுளின் பெயரே இல்லாமல் விற்கப்படும் துணைநூல்களில் மிகப் பலவும், போதகர் போனபின்னும் அந்த வினாவிடை அமைப்பை விடாமல் காப்பாற்றி வருகின்றன. இக்கதையின் மையக்கருத்து யாது என்று கேட்டு, 'நட்பின் மேன்மை' என்று பின்பக்கத்தில் விடை அச்சிடுவது, மதம் இல்லாத மதபோதனையே ஆகும்.

புதுமையான கொள்கையுடையவர்களும் இக்குற்றத்துக்கு ஆளாகிறார்கள். லாரா இங்கல்ஸ் வைல்டரின் 'லிட்டில் ஹவுஸ் ஆன் தி பிரெய்ரி' 1935-இல் வெளியானது; அதில் வரும் குடும்பம் கான்ஸஸில் வீடு கட்டிக்கொண்டது ஓஸேஜ் என்னும் பழங்குடியினருக்குரிய நிலத்தில். பூர்வகுடிகளையும் கறுப்பர்களையும் சித்திரித்த விதத்துக்காக அமெரிக்க நூலகச் சங்கத்தின் குழந்தை நூலகப் பிரிவு, வைல்டர் பெயரில் வழங்கிவந்த விருதின் பெயரை 2018-இல் மாற்றியது. பழைய பாணித் துணைநூல்கள் இந்நாவலை வைத்துத் தைரியம், உழைப்பு, தெய்வபக்தி என்று பாடம் நடத்தின. அந்த நிலம் யாருடையது என்று கேட்கவே இல்லை. அதைக் கேட்டே ஆகவேண்டும். ஆனால் இன்றைய சில நூல்கள் கேட்கும் விதத்தைப் பார்த்தால், குழந்தை சொல்ல வேண்டிய கண்டனமும் கேள்விக்குள்ளேயே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. கண்டனம் நியாயமானதே, எனினும் குழந்தை அதைத் தானே கண்டடையவில்லை. தந்தை ஒன்று சொல்கிறார், தாய் ஒன்று சொல்கிறாள், அக்கம்பக்கத்தார் வேறு சொல்கிறார்கள், கதாநாயகியான சிறுமியோ தனக்கு விளங்காத ஏதோ ஒன்றை உணர்ந்து கேள்வி கேட்கிறாள்; இவற்றை நிரலாக எடுத்து வைத்தாலே 9 வயதுக் குழந்தை தானாக அங்கே வந்து சேரும்.

இனி, மதம் கலவாமல் இலக்கியம் பயிற்றுவதற்கு அந்நாட்டில் எந்தெந்த மரபுகள் வழங்குகின்றன என்று பார்க்கலாம். சார்லட் மேஸன் (1842–1923) என்ற ஆங்கிலப் பெண்மணி ஆம்பிள்ஸைடில் ஆசிரியைகளைப் பயிற்றியவர். நல்ல நூலை ஒருமுறை வாசிக்கச் செய்து, கேட்டதைக் குழந்தை தன் சொற்களிலேயே திரும்பச் சொல்லச் செய்வது அவர் முறை. அவர் தாம் பக்தியுள்ள கிறித்தவரே. ஆயினும் அந்த முறையில் மதம் ஒட்டிக்கொள்ளவில்லை. 'பில்ட் யுவர் லைப்ரரி', 'பிளாஸம் அண்ட் ரூட்' போன்ற மதச்சார்பற்ற பாடத்திட்டங்கள் இவ்வழியில் வந்தவை. வினாப்பட்டியலை நம்பாமல் நூலை நம்புபவை. குழந்தை வாய் திறந்து பேசுவதாக இருந்தால் இதைவிடச் சுலபமான வழி இல்லை. பேசாத குழந்தையிடம் இது பலிப்பதில்லை.

செவ்வியல் கல்வி என்று சொல்லப்படும் மரபு, டாரதி ஸேயர்ஸ் 1947-இல் ஆக்ஸ்ஃபோர்டில் நிகழ்த்திய சொற்பொழிவை வேதமாகக் கொண்டது. இலக்கணம், தர்க்கம், சொல்லாற்றல் என்ற மூன்று படிகளில் குழந்தையை ஏற்றிச் செல்வது. ஸூசன் வைஸ் பாயரும் அவர் அன்னையாரும் 1999-இல் எழுதிய 'தி வெல்-ட்ரெயின்ட் மைண்ட்' இதனை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. இம்மரபில் கிறித்தவ வெளியீட்டாளர்களே மிகுதி. மைக்கேல் கிளே தாம்ஸனின் நூல்கள் அதற்கு விலக்கு. ஆலிஸ், பீட்டர் பான், 'விண்ட் இன் தி வில்லோஸ்' ஆகிய மூன்றையும் ஒருசேர எடுத்துக்கொண்டு, சொல்லழகையும் வாக்கிய அமைப்பையும் ஓசையையும் கவனிக்கச் செய்கிறார். உரைநடையை ரசிப்பதற்குக் கற்பிப்பவர்கள் மிகச் சிலர் என்பதால் இவரை விசேஷமாகக் குறிப்பிடுகிறேன். ஆனால் பெற்றோருக்கும் ரஸனை இருந்தாலொழிய இவை வெறும் இலக்கணப் பயிற்சியாகச் சுருங்கிவிடும்.

ஹட்சின்ஸ், ஆட்லர் இருவரும் 1947-இல் சிகாகோவில் நிறுவிய 'கிரேட் புக்ஸ்' ஸ்தாபனம் குழந்தைகளுக்கென்று வகுத்த முறையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வாசிப்பை நடத்துபவர், தமக்கே விடை நிச்சயமாகத் தெரியாத கேள்வியைத்தான் கேட்க வேண்டும் என்பது அதன் முதல் விதி. யார் எது சொன்னாலும் நூலிலிருந்து ஆதாரம் காட்ட வேண்டும். ஆதாரம் இருந்தால் இரண்டு எதிரான விடைகளும் நிற்கலாம். மேலே சொன்ன வினாவிடை நோய்க்கு இதுவே நேரான மருந்து. குழுவாக அமர்ந்து பேசுவதற்கென்று ஏற்பட்டதாகையால், ஒரே குழந்தை உள்ள வீட்டில் பெற்றோர் இருவரும் நாவலை வாசித்து எதிர்க்கட்சியாக உட்கார வேண்டியிருக்கும். அது நல்லதுதான்.

லூயிஸ் ரோஸன்பிளாட் 1938-லேயே வற்புறுத்தியபடி, வாசகன் தன் அனுபவத்தோடு நூலைச் சந்திக்கும் இடத்தில்தான் இலக்கியம் நிகழ்கிறது என்ற கொள்கையின் சாயல் 'பிரேவ் ரைட்டர்' வெளியீடுகளில் தெரிகிறது. ஒரு நாவலுக்கு ஒரு மாதம் என்று வகுத்து, அதிலிருந்து சில பத்திகளைப் பார்த்தெழுதச் செய்து, அவற்றின் எழுத்து நயத்தைப் பேசவைக்கின்றன. 'மூவிங் பியாண்ட் தி பேஜ்' நாவலோடு சரித்திரத்தையும் விஞ்ஞானத்தையும் செய்முறை வேலைகளையும் இணைக்கிறது. கைவேலையில் நாட்டமுள்ள குழந்தைக்கு ஏற்றது, கதையிலேயே மூழ்கிக் கிடக்க விரும்பும் குழந்தைக்குத் தொந்தரவு. 'புக்‌ஷார்க்' என்பது ஸோன்லைட் என்ற கிறித்தவப் பாடத்திட்டத்தின் சமயம் நீங்கிய வடிவம். நூல்கள் நல்லவை, வினாக்கள் பெரும்பாலும் கதையைச் சரிபார்ப்பவை.

இவை யாவற்றுக்கும் மேலாக எண்ணிக்கையில் மிகுந்திருப்பவை பள்ளி வகுப்பறைக்கென்று தயாரித்த துணைநூல்கள். அரசுப் பள்ளி மதபோதனை செய்யக்கூடாது என்று சட்டம் இருப்பதால் இவை இயல்பாகவே மதச்சார்பற்றவை, மலிவாகவும் கிடைக்கின்றன. ஆனால் 30 குழந்தைகளை ஒரு மணி நேரம் அமைதியாக உட்காரவைக்கும் உத்தேசத்தோடு செய்யப்பட்டவையாதலால், கோடிட்ட இடம் நிரப்புக, பொருத்துக, சரியா தவறா என்று பக்கம் பக்கமாக நீள்கின்றன. வீட்டில் ஒரே குழந்தை எதிரில் உட்கார்ந்திருக்கும்போது, அது வாசித்ததா இல்லையா என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அதை நிரூபிக்கக் காகிதம் தேவையில்லை. காலப் பின்னணியும் வரைபடமும் மட்டும் இவற்றிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

அளவு என்ற விஷயத்தில் என் கருத்தை ஒளிக்க விரும்பவில்லை. 'ஷார்லட்ஸ் வெப்' நாவலை இரண்டு மாலைகளில் கண்ணீரோடு வாசித்து முடித்த குழந்தையை, அதே நூலின் மீது எட்டு வாரம் எழுத்துவேலை செய்யவைப்பது கொடுமை. அருஞ்சொல் பட்டியலை முன்கூட்டியே கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்வதால் கதையின் ஓட்டம் கெடுகிறது. பத்துச் சொற்களில் எட்டைக் குழந்தை இடம் நோக்கித் தானே ஊகித்துக்கொள்ளும். ஆண்டுக்கு நாலைந்து நாவல்களை நிதானமாக ஆராய்ந்து, மற்றவற்றை ஒரு கேள்வியும் கேளாமல் வாசிக்க விட்டுவிடுவதே உசிதம். அறிக்கை கேட்கும் மாநிலத்தில் இருப்பவர்களுக்கும் அந்த நாலைந்து போதுமானது.

தமக்கு இலக்கியம் தெரியாதே என்று அஞ்சும் பெற்றோருக்கு, லாரன்ஸ் கோல்ட்ஸ்டோன், நான்ஸி கோல்ட்ஸ்டோன் தம்பதியர் எழுதி 2005-இல் வெளியான 'டீகன்ஸ்ட்ரக்டிங் பெங்குவின்ஸ்' என்னும் நூலைச் சொல்வேன். பெற்றோரையும் பிள்ளைகளையும் நூலகத்தில் சேர்த்து உட்காரவைத்து நாவல்களைப் பற்றிப் பேசிய அனுபவத்திலிருந்து எழுந்தது அது. ஒவ்வொரு நாவலிலும் துப்பறிய வேண்டிய மர்மம் ஒன்று உண்டு. கதாநாயகன் யார், அவனை எதிர்ப்பது எது, ஆசிரியர் உண்மையில் எதைப் பற்றி எழுதுகிறார் என்று கேட்டுக்கொண்டே போனால் அது வெளிப்படும் என்பது அவர்கள் காட்டும் வழி. அதை ஒருமுறை வாசித்த தாய்க்குப் பிறகு பல நாவல்களுக்குத் தனித் துணைநூலே தேவைப்படாமல் போகலாம்.

ஆகவே துணைநூல் வாங்கப் போகும் பெற்றோர், அட்டையில் உள்ள 'மதச்சார்பற்றது' என்ற முத்திரையைப் பார்த்து மயங்காமல், மாதிரிப் பக்கங்களில் விடைப்பகுதியை முதலில் புரட்டிப் பார்ப்பது நலம். யார், எப்போது, எங்கே என்ற வினாக்களுக்கு விடை இருப்பதில் தவறில்லை. ஏன், எப்படி, நியாயமா என்ற வினாக்களுக்கும் ஒற்றை வரியில் விடை அச்சிட்டிருந்தால், அதில் கடவுள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்நூலைத் திரும்ப அடுக்கிவிடுங்கள். பிறகு, அந்த நாவலில் மதமோ மரணமோ அநீதியோ வரும் அத்தியாயம் எது என்று நினைவுபடுத்திக்கொண்டு, துணைநூல் அந்த அத்தியாயத்துக்கு என்ன கேட்கிறது என்று பாருங்கள். நேராக நின்று கேட்டிருந்தால் வாங்கலாம். ஒன்றுமே கேட்காமல் நழுவியிருந்தால், அந்தப் பணத்தில் இன்னொரு நாவலை வாங்கிக் குழந்தையின் கையில் கொடுத்து, நீங்களும் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.